300 பிளாஸ்கும் இடம்மாறிய ஒரு கொம்பும்

2024 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை பின்னேரம், கொழும்பு கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலக ஸ்டோரில் 12 மட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டிக்கு 25 என்று மொத்தம் 300 பிளாஸ்க். நிறுவனத்தின் 25ஆவது ஆண்டு நிறைவுக்காக வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் 20ஆம் திகதி கொடுக்க வேண்டியவை. முதல் பெட்டியைப் பிரித்து, மேலே இருந்த ஒன்றை எடுத்து, சுற்றியிருந்த மெல்லிய தாளைக் கழற்றினேன். லோகோவுக்குக் கீழே சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. "நன்றியோடு 25 ஆண்டுகள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "யோ" உடைந்து கிடந்தது. யகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், காலோடு சேர்ந்து நின்றது. "டு" என்பதில் டகரம் ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம். இரண்டாவதை எடுத்தேன், அதே. கடைசிப் பெட்டியின் அடியில் இருந்ததையும் எடுத்தேன், அதே. 300இலும் அதே.

பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். காசைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். பரிசுப்பொருளில் ஆங்கிலம் மட்டும் போதும் என்று சொன்னவர்களிடம், இல்லை, மூன்று மொழியும் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் நின்று கேட்டு வாங்கியது நான். அந்தத் தமிழே உடைந்து வந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் மேலாளர் கோபப்படவில்லை. "அடுத்த முறை ஆங்கிலத்தை மட்டும் போடுவம்" என்றார். அதுதான் கூடுதலாக வலித்தது. யாரையும் கேட்காமல், கேட்பதற்கு யாரும் இல்லாமல், மூன்று மாதம் தனியாக இதை இழுத்து முடித்தேன். இனி இந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவருக்கு உதவட்டும் என்று எங்கெங்கே பிழை வந்தது, ஏன் வந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒக்டோபர் முதல் கிழமையில் மூன்று இடத்தில் கொட்டேசன் எடுத்தேன். மூன்றிலும் "500 மில்லி ஸ்டீல் பிளாஸ்க், லோகோவுடன்" என்ற ஒரே வரிதான். விலை மட்டும் 1,850, 2,400, 2,950 ரூபாய் என்று ஏறிப் போனது. ஒரே பொருளுக்கு மூன்று விலை என்று நினைத்து ஆகக் குறைந்ததை எடுத்தேன். அவை ஒரே பொருள் அல்ல. விலையைத் தீர்மானிப்பது முக்கியமாக மூன்று விஷயம்: உள்ளே என்ன ஸ்டீல், இரண்டு சுவருக்கும் இடையில் வெற்றிடமா வெறும் காற்றா, லோகோவை எப்படிப் போடுகிறார்கள். இந்த மூன்றும் கொட்டேசனில் எழுத்தில் இல்லாவிட்டால் விலைகளை ஒப்பிடவே முடியாது.

ஸ்டீலில் உணவுக்கு வழமையாகப் பயன்படுவது 304. 18/8 என்று எழுதியிருப்பதும் அதுதான்: 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். விலை குறைந்தவற்றில் 201 வரும். அதில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 201 உப்பையும் புளியையும் அவ்வளவாகத் தாங்காது, கறள் பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று பலர் சொல்வார்கள், நானும் நம்பினேன். இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகை. வளைத்து அழுத்திய இடத்தில் 304கூடக் கொஞ்சம் இழுக்கும். ஆகவே காந்தம் இதற்கு உதவாது. மங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு. ஒரு துளி விட்டால் 201 சிவக்கும். அது கிடைக்காவிட்டால் அரைத் தேசிக்காயும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்த தண்ணீரை இரவு முழுக்க உள்ளே விட்டு, காலையில் வாய்ப்புறத் திருகு மரையையும் அடியில் ஒட்டிய இடத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கறள் தொடங்குவது அந்த இரண்டு இடத்தில்தான். அடியில் 304 என்று முத்திரை இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். முத்திரை யாரும் குத்தலாம்.

வெற்றிடத்தைச் சோதிப்பது இன்னும் சுலபம், செலவும் இல்லை. கொதிதண்ணியை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை விட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைக் கையால் தடவுங்கள். வாய்ப்பக்கம் லேசாகச் சுடும், அது சரி, இரண்டு சுவரும் சேரும் இடம் அது. மற்ற இடமெல்லாம் அறைச்சூட்டில் இருக்க வேண்டும். நடு உடம்போ அடியோ சுட்டால் உள்ளே வெற்றிடம் இல்லை, இருப்பது காற்று. இடையில் உள்ள காற்றை உறிஞ்சிய பிறகு அடியில் ஒரு சிறு குழியில் வைத்து அடைப்பார்கள். அந்த அடைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், பெட்டி விழுந்து அடி நசுங்கினாலும் வெற்றிடம் போய்விடும். பிறகு அது இரட்டைச் சுவர் வைத்த சாதாரணப் போத்தல்தான். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் ஆறு மணித்தியாலம் கழித்தும் பாருங்கள். நல்ல 500 மில்லி பிளாஸ்கில் அப்போதும் 60 பாகைக்கு மேல் இருக்கும்.

ஓடருக்கு முன் எனக்குக் காட்டிய மாதிரிப் பிளாஸ்க் இதிலெல்லாம் தேறியிருக்கும் என்றே நினைக்கிறேன். கனமான, கறுப்பு, சொரசொரப்பான பிளாஸ்க். வேறொரு நிறுவனத்தின் லோகோ லேசரில் செதுக்கி, வெள்ளி நிறத்தில் மின்னியது. எனக்கு வந்தது அதைவிட இலேசானது, லோகோவும் லேசர் இல்லை. கேட்டபோது, "நீங்கள் பிரிண்ட் என்றுதானே ஓடர் போட்டீர்கள்" என்றார்கள். ஓடரை எடுத்துப் பார்த்தேன். "லோகோ பிரிண்ட்" என்றுதான் இருந்தது, அதில் கையெழுத்து என்னுடையது. மற்றவருக்குச் செய்த மாதிரியைப் பார்த்து முற்பணம் கொடுத்தது என் முதல் பிழை. கேட்க வேண்டியது, நாம் வாங்கப்போகும் அதே பொருளில், நம் பைலை வைத்து, அதே இயந்திரத்தில் செய்த ஒன்று. அதற்குத் தனியாக மூவாயிரம் நாலாயிரம் கேட்டாலும் கொடுக்கலாம். பெரும்பாலான இடத்தில் ஓடர் உறுதியானதும் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

லோகோ போடும் முறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கரைவது இங்கேதான். பவுடர் கோட்டிங், அதாவது தூளைப் பூசிச் சூட்டில் இறுக்கிய மேல்பூச்சு, அடித்த ஸ்டீலுக்கு லேசர்தான் என் தெரிவு. மேல்பூச்சை எரித்து நீக்கி உள்ளே இருக்கும் ஸ்டீலைக் காட்டும். ஒரே ஒரு நிறம்தான் வரும், ஆனால் உரியாது, கழுவினாலும் போகாது. பல நிற லோகோ என்றால் யூவி பிரிண்ட். மை மேற்பரப்பில் படிந்து புற ஊதா ஒளியில் உடனே இறுகும். வடிவாக இருக்கும், ஆனால் அது மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு படலம். பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசாமல், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அடித்தால் நகத்தாலேயே கிளம்பும். ஸ்கிரீன் பிரிண்ட் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை கேட்கும், ஆகவே ஒன்று இரண்டு நிறமும் பெரிய எண்ணிக்கையும் இருந்தால் மலிவு. சிறிய, வளைந்த இடங்களுக்கு, மெத்தென்ற சிலிக்கன் பேட்டில் மையை எடுத்து ஒற்றும் பேட் பிரிண்ட். பீங்கான் மக்குக்கு வேறு கணக்கு, அதைக் கீழே சொல்கிறேன்.

பிரிண்ட் எதுவானாலும் அடித்து ஒரு நாள் கழித்துச் சோதியுங்கள். லோகோவின் ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சின்னக் கோடுகள் கீறி, செலோரேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். சதுரம் சதுரமாக மை ரேப்போடு வந்தால் அந்தப் பிரிண்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிறகு கைகழுவும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்து இருபது தரம் தேயுங்கள். பிளாஸ்க் பிடிக்கிற கை சானிடைசர் பூசிய கைதானே. எனக்கு வந்ததில் முதல் இழுப்பிலேயே லோகோவின் பாதி ரேப்பில் வந்துவிட்டது.

இனி அந்தக் கொம்பு. லோகோவையும் மூன்று மொழி வாசகத்தையும் வைத்து எங்கள் விளம்பரப் பகுதி ஒரு பைல் தந்தது. அதை அப்படியே அனுப்பினேன். விநியோகத்தர் வட்ஸ்அப்பில் பிளாஸ்கில் லோகோ வைத்த படம் அனுப்பினார். அதில் தமிழ் சரியாக இருந்தது. நான் "ஓகே" என்று பதில் போட்டேன். பிழை அதற்குப் பிறகு நடந்தது. பைலில் தமிழ் இன்னும் எழுத்தாகவே இருந்தது, வடிவமாக மாற்றப்படவில்லை. அச்சு இயந்திரத்தோடு இணைந்த கணினியில் பழைய மென்பொருள். யூனிகோட் தமிழில் "யோ" சேமிக்கப்படுவது முதலில் யகரம், அதன் பின் ஓகாரக் குறி என்ற வரிசையில். திரையில் கொம்பை முன்னுக்கு இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். உகரம் ஏறிய எழுத்துகளும் அப்படித்தான் உடையும். தமிழ் தெரியாத ஒருவர் இயந்திரத்தின் முன் நின்றிருந்தால் அவருக்கு அது எப்படித் தெரியும்? அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான்: பைலை அனுப்ப முன்னர் எழுத்தை வடிவமாக மாற்றுங்கள். வடிவமைப்பு மென்பொருளான கோரல்ட்ரோவில் கேர்வ்ஸ் என்பார்கள், எழுத்தைத் தெரிவு செய்து கண்ட்ரோல் கியூ. இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைன், கண்ட்ரோல் ஷிப்ட் ஓ. மாற்றுவதற்கு முன் உங்கள் திரையிலேயே தமிழ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி எழுத்துகளுக்கான தெரிவைப் போடாவிட்டால் அங்கேயே உடைந்துவிடும். உடைந்ததை வடிவமாக மாற்றினால் உடைவுதான் நிலைக்கும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பைல்கள் இங்கே இன்னும் நிறையப் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறும். சிங்களத்தின் பழைய எழுத்துருக்களுக்கும் இதே கதிதான். அதனால் சிங்களத்தைச் சிங்களம் வாசிப்பவரிடமும் தமிழைத் தமிழ் வாசிப்பவரிடமும் கொடுத்து, பொருளில் பதிந்த பிறகு வாசிக்கச் சொல்ல வேண்டும். திரையில் வாசித்தது கணக்கில் இல்லை. வட்ஸ்அப்பில் வந்த லோகோப் படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுப்பதும் வேண்டாம். அது அனுப்பும்போதே சுருங்கி ஓரம் சிதறியிருக்கும்.

அளவும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்துக்கு 2 மில்லிமீட்டர் உயரம் போதும் என்று வடிவமைப்பவர் சொல்வார். தமிழுக்குப் போதாது. ண, ஞ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபடும். புள்ளி முதலில் காணாமல் போகும். "நன்றி" "நனறி" ஆகும். உயிர்மெய்யின் உடம்பு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கோட்டுத் தடிப்பு கால் மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அகலத்தில் மறுபுறம் ஒரு வரம்பு உண்டு. 7 சென்ரிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்கின் சுற்றளவு 22 சென்ரிமீட்டர். நேரே பிடித்துப் பார்த்தால் வளையாமல் தெரிவது 5, 6 சென்ரிமீட்டர்தான். வாசகம் அதற்கு மேல் நீண்டால் இரண்டு வரியாக்குங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 1,850 ரூபாயை 300ஆல் பெருக்கி 555,000 என்று அனுமதி வாங்கினேன். கொட்டேசனின் அடியில் சின்ன எழுத்தில் "வற் நீங்கலாக" என்று, அதாவது பெறுமதி சேர் வரி சேராத விலை என்று, இருந்ததைப் பார்க்கவில்லை. 2024 ஜனவரியில் இருந்து வற் 18 வீதம். 99,900 ரூபாய் கூடி 654,900 ஆனது. கூடிய தொகைக்கு மீண்டும் அனுமதி வாங்க நான்கு நாள் போனது. முற்பணம் அரைவாசி, 327,450. வற் என்று அறவிடுபவரிடம் அவருடைய வற் பதிவு இலக்கம் போட்ட வரி விலைப்பட்டியலைக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் வற் அறவிட முடியாது. பொருள் நவம்பர் 28இல் தருவோம் என்று வாயால் சொன்னார்கள், வந்தது 12 நாள் பிந்தி. தாமதத்துக்கு என்ன கழிவு என்று ஓடரில் ஒரு வரியும் இல்லை, ஆகவே கேட்கவும் முடியவில்லை. கொழும்பில் கையிருப்பில் உள்ள வெறும் பிளாஸ்கில் லோகோ போடுவதா, கப்பலில் வரவேண்டியதா என்பதை முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கப்பலில் என்றால் நவம்பர் டிசம்பர் நெரிசலைக் கணக்கில் எடுங்கள். சித்திரைப் புதுவருடத்துக்குக் கப்பலில் வரவேண்டுமென்றால் சீனப் புத்தாண்டுக்கு முன்னமே ஓடர் போயிருக்க வேண்டும். அந்த விடுமுறையில் சீனாவில் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும்.

10ஆம் திகதிக்குத் திரும்புகிறேன். அன்றிரவே அலுவலகக் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பெட்டிக்கு ஐந்து என்று அறுபதைச் சோதித்தேன். ஒன்பதில் வெளிச்சுவர் சுட்டது. அடுத்த இரண்டு நாளில் உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு 300ஐயும் சோதித்தோம். 43 தோல்வி. தோற்றவற்றில் சிவப்புப் பேனாவால் அடியில் குறி வைத்து, படம் எடுத்து, எண்ணிக்கையோடு மின்னஞ்சல் அனுப்பினேன். பொருள் வந்த உடனே, விநியோகப் பற்றுச்சீட்டில் "எண்ணிக்கை மட்டும் சரிபார்த்தேன், தரம் சோதிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தது என்னைக் காப்பாற்றியது. எங்கள் கணக்குப் பகுதியில் ஒரு அண்ணா என்றோ சொன்னது, அந்த நேரம் ஞாபகம் வந்தது.

புதிதாக 300 பிளாஸ்க் எடுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. பீங்கான் மக்குக்கு மாறினோம். மறுநாள் காலை எட்டரைக்கே கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் இறங்கினேன். குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் வண்டி இழுக்கத் தொடங்கிவிட்டால் கடைக்காரரோடு நின்று கதைக்க முடியாது. மூன்றாவது கடைக்காரரான நானாவிடம் பிரிண்ட் அடிக்கிற வெள்ளை மக் வேண்டும் என்றேன். இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். "தங்கச்சி, இது ரெண்டும் வெள்ளை. இதுல கோட்டிங் இருக்கு, இதுல இல்ல. லைட்டுல சரிச்சுப் பாருங்க" என்றார். பார்த்தேன். பூச்சு உள்ளதில் ஒளி வழுவழுப்பாக ஒரே கோடாக ஓடியது. மற்றது பீங்கான் மினுக்கம்தான். சப்ளிமேஷன் என்ற முறையில் மை சூட்டில் ஆவியாகி அந்தப் பொலியெஸ்டர் பூச்சுக்குள் போய்ப் படியும். பூச்சு இல்லாத மக்கில் அடித்தால் ஒரு கழுவலிலேயே போய்விடும். வெள்ளையிலும் மிக இளம் நிறங்களிலும் மட்டும்தான் இது எடுபடும். மை பூச்சுக்குள் போவதால் விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் அது ஸ்டிக்கர் அல்லது யூவி. மிக நீடிப்பது சூளையில் சுட்டெடுக்கும் டெக்கல் என்ற ஒட்டுப்படம், சுமார் 800 பாகையில் மை மினுக்கத்தோடு உருகிச் சேரும். அதற்கு ஒரு கிழமையாவது வேண்டும், எங்களிடம் அது இல்லை.

325 மில்லி மக் 312 வாங்கினேன், ஒன்று 420 ரூபாய்ப்படி 131,040. பன்னிரண்டு கூடுதல், பழுதுக்கு. நானா சொன்னபடி ஒவ்வொரு பெட்டியையும் அங்கேயே திறந்து, மக்கை மேசையில் கவிழ்த்து ஆடுகிறதா என்று பார்த்தோம். வாய் வளைந்த மக்கில் அழுத்தம் சமமாக விழாது, பிரிண்ட் ஒரு பக்கம் வெளிறும். விரல் முட்டால் தட்டினால் நல்லது கணீரென்று கேட்கும், வெடித்தது மொக்கையாகக் கேட்கும். 36 மக் கொண்ட பெட்டி 12 கிலோவுக்கு மேல் கனக்கும். முச்சக்கர வண்டியில் இரண்டுக்கு மேல் அடுக்க வேண்டாம், அடியில் இருப்பது உடையும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன இடத்தில் அடிக்கக் கொடுத்தேன். ஒன்றுக்கு 280 ரூபாய்ப்படி 84,000, பெட்டி ஒன்று 60 ரூபாய்ப்படி 18,000. இம்முறை பக்கத்திலேயே நின்றேன். அங்கே அடிக்கிற அண்ணா தாளில் லோகோவைக் கண்ணாடி விம்பமாக, இடம் வலமாக மாற்றி எடுத்தார். மக்கைச் சுற்றி இறுக்கி வெப்ப ரேப்பால் ஒட்டினார். 190 பாகை, மூன்று நிமிடம். முதல் மக்கை வெளியே எடுத்ததும் "வடிவாப் பாருங்கோ தங்கச்சி" என்று என் கையில் தந்தார். எங்கள் லோகோவின் அரக்குச் சிவப்பு மண்ணிறமாக வந்திருந்தது. இந்த மையில் சூட்டுக்கு முன்னால் தாளில் தெரிகிற நிறம் வேறு, பிறகு வருகிற நிறம் வேறு, திரையில் பார்த்தது இரண்டும் இல்லை. சிவப்பைக் கூட்டி மூன்று தரம் மாற்றிய பிறகு சரி வந்தது. இரண்டாவது மக்கில் ஓரம் இரட்டையாகத் தெரிந்தது. சூடு ஆறுமுன் தாள் அசைந்தால் அப்படி வரும். கைப்பிடியை ஒட்டி ஒரு சென்ரிமீட்டர் வெளிறியது. இயந்திரத்தின் சூட்டுப் பட்டி அங்கே எட்டாது, ஆகவே வாசகத்தைக் கைப்பிடிக்கு எதிர்ப்புறம் நகர்த்தினோம். நான்காவது மக்கில் "நன்றியோடு" சரியாக நின்றது. கொம்பு யகரத்துக்கு முன்னால், கால் பின்னால். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளியையும் பார்த்தேன்.

ஒரு இயந்திரத்தில் மணித்தியாலத்துக்கு 12, 13 மக்குக்கு மேல் போகாது. இரண்டு இயந்திரத்தில், தாள் வெட்டி ஒட்டிப் பெட்டியில் போடுவதோடு, இரண்டு முழு நாள். ஒன்பது பழுதாயின. 17ஆம் திகதி இரவு 303 மக் எங்கள் ஸ்டோரில் இருந்தது. 20ஆம் திகதி ஒரு வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்து, "தமிழிலும் போட்டிருக்கிறீர்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அழுகை வந்தது.

பிளாஸ்க் விநியோகத்தரோடு பேச்சு ஜனவரி வரை இழுத்தது. பைல் நாங்கள் கொடுத்தது, படத்தை நானே ஒப்புக்கொண்டேன் என்பது அவர்கள் பக்கம். ஒப்புக்கொண்ட படத்தில் இருந்தது வேறு, பொருளில் இருப்பது வேறு என்பது எங்கள் பக்கம். வட்ஸ்அப் படத்தை அழிக்காமல் வைத்திருந்தது உதவியது. கடைசியில் 43 பிளாஸ்கையும் திருப்பி எடுத்து, மீதிக் கணக்கில் அவற்றின் விலையைக் கழித்து, பிரிண்டுக்காக மேலும் 75,000 ரூபாய் விட்டுக்கொடுத்தார்கள். எஞ்சிய 257இல் இருந்த பிரிண்டை, அது பலவீனமாக ஒட்டியிருந்ததாலேயே, பிளாஸ்ரிக் சுரண்டியாலும் ஸ்பிரிட்டாலும் எடுக்க முடிந்தது. அடையாளம் மங்கலாகத் தெரிந்த இடத்தின்மேல் லேசரில் கொஞ்சம் பெரிதாகச் செதுக்கினோம், ஒன்று 250 ரூபாய், மொத்தம் 64,250. மக்குக்கும் லேசருக்கும் போனதைக் கூட்டி, விட்டுக்கொடுத்ததைக் கழித்தால், தேவையில்லாமல் போனது 222,290 ரூபாய். என் பதினொரு வேலைநாளும் இரண்டு ஞாயிறும் அதில் இல்லை.

எதைத் தெரிவு செய்வது என்று கேட்பவருக்கு என் அபிப்பிராயம் இது. தலைக்கு 2,000 ரூபாய்க்குள் என்றால் மலிவான பிளாஸ்கைவிட நல்ல மக் கொடுங்கள். சூடு நிற்காத பிளாஸ்க் உங்கள் பெயரைத் தாங்கிக்கொண்டு தினமும் ஒருவரை ஏமாற்றும். மூடியில் வெப்பநிலை காட்டும் பிளாஸ்க் கவர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் பலவற்றில் பற்றரி மாற்ற வழி இல்லை, மூடியைத் தண்ணீரில் ஊற வைக்கவும் கூடாது. மூங்கில் மூடி, மூங்கில் உறை கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூங்கில் தூள் என்று விற்கும் கோப்பைகளில் மெலமைன் கலந்திருக்கும், சுடுபானத்துக்கு வேண்டாம். சூட்டில் நிறம் மாறும் மக் சில மாதத்தில் மங்கும். கண்காட்சியில் ஆயிரக்கணக்கில் கொடுப்பதென்றால் ஒரே நிறத்தில் அடித்த பிளாஸ்ரிக் தண்ணிப் போத்தல் போதும். அதில் அடியில் முக்கோணத்துக்குள் 5, அதாவது பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்ரிக், என்று இருக்கிறதா, மூடியின் சிலிக்கன் வளையம் இருக்கிறதா, தலைகீழாகப் பிடித்தால் ஒழுகுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெப்ரவரியில் சித்திரைக்கு 120 பிளாஸ்க் ஓடர் கொடுத்தேன். ஓடரில் இம்முறை எழுதியது: 304 ஸ்டீல், வெற்றிட இரட்டைச் சுவர், லேசர் செதுக்கல், வற் உட்பட்ட விலை, ஒப்புதல் மாதிரியில் இருந்து மாறினால் முழு மாற்றீடு, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 1 வீதக் கழிவு, முற்பணம் 30 வீதம், மாதிரி ஒப்புக்கொண்ட பிறகு. அவர்கள் முற்பணத்தை 40 ஆக்கக் கேட்டார்கள், சம்மதித்தேன். மற்ற எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மாதிரி வந்த அன்று கொதிதண்ணி விட்டேன், தேசிக்காய்த் தண்ணி விட்டேன், தமிழை நானும் சிங்களத்தை வரவேற்பில் இருக்கும் அக்காவும் வாசித்தோம். பிறகு அதன் அடியில் திகதியைப் போட்டு, இருவரும் கையெழுத்து வைத்து, விநியோகத்தரின் கையெழுத்தையும் வாங்கி, என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். 120உம் வந்தபோது ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் எண்ணினேன்.